கழிப்பறைக்குள் கிடந்த வலை

எங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஒன்பது வருஷம் வலைதான் குடியிருந்தது. மனுஷர் யாரும் அதற்குள் போனதில்லை. கட்டி முடித்த அன்று கதவுக்கு முன்னால் அண்ணனை நிற்க வைத்து நான்தான் படம் எடுத்தேன். படம் அரசாங்க ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததும் கழிப்பறை உள்ள வீடு என்று பட்டியலில் எங்கள் வீடும் ஏறியது. மறு வாரமே அண்ணன் சுத்து வலையைச் சுருட்டி உள்ளே வைத்தான். மழை படாத, எலி நுழையாத இடம் எங்கள் வீட்டில் வேறு எங்கே இருந்தது?

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லித் தருகிறவள். தாய்மார்களை வரிசையாக உட்கார வைத்து, வெளியில் போகாதீர்கள், வயிற்றில் புழு வரும் என்று படம் காட்டுகிறவள். புருஷன் போன பிறகு பிறந்த வீட்டிலேயே ஒரு அறையில் இருக்கிறேன். அண்ணனும் அண்ணியும் அடுத்த அறையில். எனக்கு அங்கன்வாடி மையத்தில் ஒரு கழிப்பறை இருந்தது, அதன் சாவி என் இடுப்பில் இருந்தது. அதனால் வீட்டுக் கழிப்பறையில் வலை கிடந்தது எனக்கு உறுத்தவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி மற்றவர்களைத் திட்டப் போகிறேன்.

அண்ணன் விடியலில் வெளிக்கிருக்கக் கரைக்குப் போவான். ஏறி வருகிற தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் ஆம்பிளைகள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீனின் செவுளைத் தூக்கி நிறம் பார்த்தே அது இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவார்கள். தன் உடம்பிலிருந்து போவது என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஒருமுறை ஏரி வற்றி, தண்ணீர் உள்ளே போயிருந்த சமயத்தில் அவன் மணலில் ரத்தம் பார்த்திருக்கிறான். அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அது உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். நண்டை நிறுத்தினார்கள், வெந்தயம் ஊறப் போட்டார்கள், மோராகக் குடித்தார்கள். ரத்தம் நிற்காததால் சூடு என்றது மூலம் என்றாயிற்று. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த மூலம், பௌத்திரம் நோட்டீசைப் பார்த்துவிட்டு அண்ணன் ஒருவனிடம் போய் மருந்து உருண்டை வாங்கி வந்தான். அந்த ஆள் இவனைப் படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லையாம். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரே கூரைக்கு அடியில் இருந்த எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்துச் சமாச்சாரத்தைத் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமாம். அந்தக் கூச்சத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

எனக்குக் காட்டிக் கொடுத்தது அவனுடைய அரைஞாண் கயிறு. ஒரு மத்தியானம் குளித்துவிட்டு வந்தவனின் இடுப்பில் அது தொளதொளவென்று கிடந்தது. நழுவாமல் இருக்க அண்ணி அதில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தாள். மையத்துப் பிள்ளை அரைக் கிலோ குறைந்தால் தூக்கிய கையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். கூடப் பிறந்தவன் பாதியாகிப் போனதை மூன்று முடிச்சு வரைக்கும் பார்க்கவில்லை. அண்ணியை உட்கார வைத்துக் கேட்டேன். நாலு நாள் போகாதாம், போனால் ஒரே நாளில் அஞ்சு தடவையாம், போய் வந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்குமாம், படி ஏறினால் மூச்சு வாங்குமாம். அவள் அழுதாள். தெரு கூடுகிற அளவுக்கு நான் கத்தினேன்.

பொன்னேரியில் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அவள் கேட்டதெல்லாம் நேரான கேள்விகள். ரத்தம் சொட்டாக விழுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? சிவப்பா, கருப்பா? எத்தனை மாதமாக? அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, பார்த்ததில்லை என்றான். எல்லா ரத்தமும் மூலம் இல்லை என்று அவள் சொன்னாள். கை உறை போட்டு அவளே சோதித்துவிட்டு, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு நாள் பிரிப்பார்கள். உன் பாடு அன்று நீ போகாவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணனின் பாடு. வயிற்றைக் கழுவ முந்தின நாளே குடிக்க வேண்டிய மருந்துப் பொட்டலத்தை அவன் தொடவே இல்லை. விடியலில் படகேறிவிட்டான்.

"பாடு பெருசா, உசுரு பெருசாண்ணா?" என்று கரையில் நின்று கேட்டேன். அவன் திரும்பவில்லை. கூட்டாளி கோல் போட, இவன் படகு நடுவில் குந்தியிருந்தான். கோல் ஊன்றத் தெம்பில்லாதவன் பாடு என்று போகிறான்.

இரண்டாவதாகக் குறித்த நாளுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். இந்தத் தடவை பொடியை நானே இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி வைத்துவிட்டு மையத்துக்குப் போனேன். சோறு கூடாது, இளநீரும் வடிகட்டின கஞ்சித் தண்ணியும்தான் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது பாத்திரம் காலியாக இருந்தது. மறுநாள் சென்னையில் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனவர்கள் கொஞ்ச நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். குடல் சுத்தமாகவில்லை, எதுவும் தெரியவில்லை, மருந்தை முழுக்கக் குடித்தாரா என்று கேட்டார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போனேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு சொன்னான்.

"பொம்பளைங்க அத்தினி பேரும் கரையில எறா ஆஞ்சினு கீறாங்க. பட்டப்பகல்ல அவுங்க முன்னால எத்தினி தபா ஓடறது? நாலு தபா போனேன். மிச்சத்த வேலிக்காத்தான் புதர்ல ஊத்திட்டேன்."

நான் அவனைத் திட்டவில்லை. அன்று முழுக்கச் சாவி என் இடுப்பில் இருந்தது. அதை அவனிடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் கழிப்பறைப் படம் காட்டிய நான், அந்த மருந்தைக் குடித்த மனுஷன் எங்கே போவான் என்று யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழிப்பறைக் கதவைத் திறந்தேன். வலை, மிதவை, ஈயக்குண்டு, கயிறு, உடைந்த ஐஸ் பெட்டி என்று கூரை வரைக்கும் இருந்தது. ஒவ்வொன்றாக வாசலில் வீசினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வலை நனையுது என்று அண்ணன் கத்தினான். நனையட்டும் என்றேன். அண்ணி வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். எல்லாம் வெளியே வந்த பிறகு அடியில் பீங்கான் தெரிந்தது. கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அதில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்தேன்.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக நடந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில், ஆசனவாயை ஒட்டிக் கட்டி. புற்றுநோய். இது வெறும் மொட்டு மாதிரி இருந்த காலம் ஒன்று இருந்திருக்கும், அப்போது பார்த்திருந்தால் இதே கேமராவோடு உள்ளே வைத்தே நறுக்கி எடுத்திருக்கலாம் என்று சென்னை டாக்டர் சொன்னார். அதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. அறுத்தார்கள். ஆசனவாயை மூடி, வயிற்றில் ஓட்டை வைத்து ஒரு பை மாட்டினார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். அண்ணன் இருக்கிறான். பையை ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை அந்தக் கழிப்பறையில்தான் காலி செய்கிறான். இப்போது என்ன நிறம் என்று தினமும் பார்க்கிறான்.

அறுவைக்கு அப்புறம் டாக்டர் என் வயசைக் கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும் நீங்களும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலில் கிடைத்த நாள் மையத்தில் எடை போடும் நாள், போகவில்லை. அடுத்துக் கிடைத்த நாள் தாய்மார்கள் கூட்டம், போகவில்லை. மூன்றாவது நாளுக்கு முன்தினம் மருந்துப் பொட்டலம் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். கழிப்பறையைத் தேய்த்துக் கழுவிட்டேன், டிரம்மில் தண்ணி நிரப்பிட்டேன், ஒரு நாளைக்கு என் பையை வேற எங்கனா காலி பண்ணிக்கறேன் என்றான். அவன் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், நாளைக்கு மேலதிகாரி வருகிறார், உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன்.

அவன் உள்ளே வந்தான். பொட்டலத்தை எடுத்து என் பதிவேட்டின் மேல் வைத்தான்.

"நானும் அன்னிக்கி பாடுன்னுதாம்மா சொன்னேன்" என்றான். "பயந்துகினுதான் படகேறுனேன்."