பகலில் பற்றவைக்காத அடுப்பு

நிரோஜா மாத்தளைக்குக் குடிவந்தது ஊர் அழகைப் பார்த்து அல்ல, வாடகையைப் பார்த்து. கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் ஓர் அறைக்குக் கொடுத்த காசுக்கு இங்கே ஒரு மாடிவீட்டின் மேல்தட்டே கிடைத்தது. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, தையல் மெஷின் போட ஜன்னலோரம் ஓர் இடம். கணவன் ரமேஸுக்குத் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை. மகள் தர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்.

ஆனால் ஒரு பயமும் கூடவே வந்திருந்தது. ஐந்து வருடத்தில் வத்தளையில் நான்கு வீடு மாறியவள் அவள். மெஷின் சத்தம் என்றார்கள், கறி வாசம் என்றார்கள். காரணம் கிடைக்காதவர்கள் மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றார்கள். அந்த மச்சான்கள் வந்து சேர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. இங்கே மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்கு அக்ரிமென்ட் எழுதலாம் என்று பேச்சு. இந்த வீடாவது நிலைக்க வேண்டுமே என்று நிரோஜா தவித்தாள்.

வீட்டுக்காரர் றாபியா டீச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் ஷஸ்னாவோடு கீழ்வீட்டில் இருந்தார்.

மூன்றாவது மாதம் ரமழான் நோன்பு தொடங்கியது. முதல் நாள் மத்தியானம் நிரோஜா வழக்கம்போல் நெத்தலிக் கருவாடு பொரித்தாள். தட்டில் போடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீழே இரண்டு பேர் விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார்கள்! பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனைப் போட்டாள். கருவாட்டு வாசம் ஃபேனுக்கு அடங்குமா? கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஐந்தாவது வீடும் போச்சு என்றே முடிவுகட்டினாள்.

மறுநாளிலிருந்து பகலில் அடுப்பே பற்றவைக்கவில்லை. பேக்கரிப் பாணும் வாழைப்பழமும்தான். தொழுகைக்கு இடைஞ்சல் என்று மெஷினையும் நிறுத்தினாள். படியில் டீச்சரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினாள்.

"நோன்பு அவங்களுக்கா, நமக்கா?" என்றான் ரமேஸ்.

"நீங்க பேசாதீங்க. தம்புள்ளையில ஹோட்டல்ல ஒரு வெட்டு வெட்டிட்டுத்தானே வாறீங்க!"

பதினெட்டாம் நோன்பன்று மத்தியானம், மூட்டுவலியோடு டீச்சரே மாடிப்படி ஏறி வந்தார். நிரோஜாவின் கையில் பாதி கடித்த பாண். சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மகள், உண்மையச் சொல்லுங்க. வீட்ட விட்டுப் போகப் போறீங்களா?"

"ஐயோ, யாரு டீச்சர் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? மெஷின் சத்தம் இல்ல, சமைக்கிற வாசம் இல்ல, என்னக் கண்டா ஒதுங்கிப் போறீங்க. என்ன பிழை செஞ்சேண்டு ரெண்டு கிழமையா யோசிக்கிறேன். நீ ஏதும் சொன்னியாண்டு ஷஸ்னாவையும் ஏசினேன்."

அனுப்பிவிடுவார்களோ என்று நிரோஜா நடுங்கிய அத்தனை நாளும், இவள் போய்விடுவாளோ என்று கீழே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விம்மலோடு கருவாட்டுக் கதையைச் சொல்லி முடித்தாள்.

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அல்லாஹ்வே! நாப்பது வருஷமா இந்த ரோட்டுல நோன்பு பிடிக்கிறேன். எதிர்வீட்டு மெனிக்கே அக்கா எண்ணெய்ச் சட்டி வைக்காத நாளில்ல. வாசத்துக்கு முறியிற நோன்பா இது? அடுப்பப் பத்தவைங்க, புள்ள பசியோட வரும். சாப்பிட்டுட்டுக் கீழ வாங்க. பெருநாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் உடுப்புத் தைக்கணும்."

இரண்டு படி இறங்கியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த நோன்புப் பெருநாளைக்கும் நீங்கதான் தைக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முழுசாக ஒரு வருடம் இருந்தது. அக்ரிமென்டுக்கும் அதே ஒரு வருடம்தான்.