எலும்புப் பிடி

இது கட்டிச் சொல்வது இல்லை. நடந்தது. பழனியாண்டி இன்னும் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். போய்க் கேளுங்கள், சொல்வார். சாப்பிட்ட கையோடு மட்டும் கேட்காதீர்கள்.

1954, தை மாதம். பழனியாண்டி வாரத்தில் ஆறு நாள் மலையில் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நாவிதர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நாலு லயத்துக்கும் அவர் ஒருவர்தான். கல்யாண மாப்பிள்ளைக்கும் அவர்தான் சவரம், செத்த பிணத்துக்கும் அவர்தான் சவரம். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மடக்குக் கத்தி. அப்பா வைத்திருந்தது. இரும்பு நல்ல இரும்பு. பொங்கலுக்கு மறுநாள் அது கல்லில் விழுந்தது. அலகு தப்பியது. பிடி நொறுங்கிவிட்டது.

பிடி இல்லாமல் அந்தக் கத்தியை ஒரு முகத்தில் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை லயத்துப் பையன் மாயாண்டிக்குக் கல்யாணம். அதற்குள் கத்தி சரியாகாவிட்டால் நுவரெலியாவிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்து லயங்களை அவனுக்கே விட்டுவிடுவதாகப் பெரிய கங்காணி சொல்லிவிட்டார்.

டவுனில் கடைக்காரர் பிடி மட்டும் விற்பதில்லை என்றார். புதுக் கத்தியின் விலையைக் கேட்டதும் பழனியாண்டி படியிறங்கி வந்துவிட்டார். கொய்யாக் கட்டையைச் செதுக்கினார். ஆணிக்குத் துளை போடும்போதே பிளந்தது. மூங்கிலைச் சீவிப் போட்டார். தண்ணீர் பட்டதும் உப்பிக்கொண்டு, கத்தி மடங்கவில்லை.

திங்கட்கிழமை சாயந்தரம் உர ஸ்டோருக்குப் போனபோது மூலையில் ஒரு கிழிந்த சாக்கைப் பார்த்தார். உள்ளே எலும்பு. தேயிலைக்கு எலும்பு உரம் போடுவது வழக்கம்தான். சில சாக்கில் அரைபடாத துண்டுகளும் வரும். தட்டையாக, லேசாக வளைந்த ஒன்றை உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து அராவினார். மயிர் கருகிய நாற்றம். கூடவே இன்னொரு நாற்றம்... ஊறிப்போன புண்துணி மாதிரி.

"என்ன எலும்பு அது?" என்றாள் மனைவி வேலாயி.

"ஆட்டெலும்பு."

"ஆடு இப்படியா நாறும்? வெளிய போய் ராவுங்க."

நீளவாக்கில் பிளந்து, இரண்டு தகடாக்கி, செம்புக் கம்பியை ஆணியாக அடித்தார். அளவெடுத்தது போலப் பொருந்தியது. ஒன்றுதான் குறை. எத்தனை தடவை துடைத்தாலும் பிடியில் எண்ணெய் கசிந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பிசுபிசுப்பு. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். அந்த நாற்றம். தட்டைத் தள்ளிவிட்டார்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்து பத்து. பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு இன்னும் அடிக்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தார். பிடியில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. நரை மயிர். துடைத்தார். போகவில்லை. நகத்தால் பிடித்து இழுத்தார். வந்தது... அடியில் ஒரு வெள்ளைப் பிசினோடு. வேரோடு.

புதுப் பிடி போட்டபின் அந்தக் கத்தி எந்த முகத்திலும் படவில்லை.

வியாழக்கிழமை. அதே ஐந்து பத்து.

பெட்டிக்குள் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

திறந்தார். மடக்கி வைத்த கத்தி பாதி விரிந்து கிடந்தது. பிடி மொழுமொழுவென்று இருந்தது. பெட்டியின் அடியில் பொடிப்பொடியாக நரை மயிர். மஞ்சள் அழுக்குநுரையில் ஊறிக் கிடந்தது.

வாசல் சாக்கடைக் கானுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"தூக்கிக் கடாசிட்டு வாங்க," என்றாள் வேலாயி.

"நாளைக்கு ஒரே ஒரு மொகம். அதோட போட்டுர்றேன்."

வெள்ளிக்கிழமை. ஆறு நாற்பது. எதிர் லயம் தெரியாத பனிமூட்டம். மாயாண்டி பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மாப்பிள்ளைச் சவரம் மணக்கும் என்று பார்த்தால் செத்த எலி வீச்சம் அடிக்கிறதே என்று கேலி பண்ணினான். பழனியாண்டி நுரையைப் பூசினார். வலது கையில் கத்தி. இடது கையில் நுரைக் கிண்ணம்.

வலது கன்னத்தில் முதல் இழுப்பு.

"அண்ணே, தாடைய இப்படி அழுத்தாதீங்க."

பழனியாண்டி தாடையைத் தொடவே இல்லை.

"கை ஏன்ணே இவ்வளவு ஜில்லுனு இருக்கு? நகமாவது வெட்டக்கூடாதா?"

இடது கையைப் பார்த்தார். கிண்ணம் கையில்தான் இருந்தது.

மாயாண்டியின் கன்னத்து நுரையில் நாலு விரல் பள்ளம். தோல் இறுகி நின்றது. கத்திக்குத் தோதாக. பழகிய நாவிதன் இழுத்துப் பிடிப்பது போல.

கட்டைவிரலுக்கு அடியில் பிடி சொரசொரத்தது... முளைத்துக்கொண்டிருந்தது.

நிறுத்தினால் லயம் போய்விடும். நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வழித்து முடித்தார். ஒரு கீறல் இல்லை. இப்படி ஒரு சவரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார் பெரிய கங்காணி. லயம் தப்பியது.

ஏழு ஐந்துக்கு ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினார். வாழைச்சருகில் சுருட்டி உர ஸ்டோருக்கு ஓடினார். காவல்காரர் செல்லசாமி பிரித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இத ஏன்ப்பா எடுத்த? இது உரம் இல்ல. கீழ்மலையில கன்னு நட குழி வெட்டினப்ப வந்தது. ஒரு ஆளோட எலும்பு. மறுபடி பொதைக்கத்தான் கட்டி வச்சிருந்தோம்."

"யாருன்னு தெரியுமா?"

"கூடவே ஒரு தீட்டுக்கல்லு கெடந்துச்சு. எங்கப்பா சொல்லுவாரு... முந்தி இந்தத் தோட்டத்துல ஒரு நாவிதர் இருந்தாராம். ஒண்டிக்கட்டை. ஊரு பொணத்துக்கெல்லாம் அவருதான் செரைச்சாரு. அவரு செத்தப்ப செரைக்க ஆளில்ல. நெஞ்சு வரைக்கும் நரைச்ச தாடி. அப்படியே போட்டு மூடிட்டாங்களாம்."

அன்றைக்கே சாக்கோடு சேர்த்துப் புதைத்தார்கள். இப்போது கத்திக்குத் தேயிலை வேரில் பிடி. பிடுங்கிப் போட்ட கிழட்டுச் செடியிலிருந்து சும்மா கிடைத்தது. பிளக்கவில்லை, உப்பவில்லை, நாறவும் இல்லை.

ஆனால் பழனியாண்டி தினமும் படுக்கப் போகுமுன் தனக்குத்தானே சவரம் செய்துகொள்கிறார். காய்ச்சல் நாளிலும் விடுவதில்லை. நாலு லயத்துக்கும் இன்றுவரை அவர் ஒருவர்தான் நாவிதர்; அவர் செத்தால் செரைக்க வேறு ஆளில்லை.

வலது கன்னம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாராம்.

தோலை யாரோ இழுத்துப் பிடித்துக் கொடுக்கிறார்களாம்.