காளியின் செருப்பு

"காளி வந்து கையில சூடு வச்சா" என்றாள் சிறுமி. தசரா நேரம்; ஊரில் பலர் காளி வேஷம் கட்டித் திரிவார்கள். அந்தச் சூடு நரபலிக்கு வைத்த அடையாளம் என்று தெருவே கொதித்து, குறி சொல்லும் பெரியவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டது. "நரபலின்னே எழுதுங்க டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். "பிள்ளை கதை விடுது" என்றார் எங்கள் பெரிய டாக்டர். எனக்கு எரிச்சல். பிள்ளை வாயில் நம் பதிலைத் திணிக்கக் கூடாது என்பது மனநல மருத்துவத்தில் பாலபாடம். இருவரையும் வெளியே அனுப்பினேன்.

"என்னம்மா நடந்துச்சு?"

சொன்னாள்.

"பிறகு?"

"காளி செருப்பு போட்டிருந்தா. எங்க சித்தப்பா செருப்பு."

விரதமிருந்து காளி வேஷம் கட்டுகிறவர்கள் செருப்பே போடமாட்டார்கள். பிள்ளை சொன்னாலும் யாரும் நம்பக் கூடாதென்றே வேஷம் போட்டிருக்கிறான், பாவி!

அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பெரியவர் வீடு திரும்பினார். சித்தப்பாவுக்குத் தண்டனை கிடைத்த அன்று அவள் என் கையைப் பிடித்துக் குதித்தாள்: "டாக்டரம்மா, நான் சொன்னதயேதான் ஜட்ஜும் சொல்லுதாரு!"