யூத ஆலய வாசலில் பொன்னாடையோடு நின்றேன்

சபையாரே, நீங்கள் எல்லோரும் என்னை நன்றாக அறிவீர்கள். அதனால்தான் இந்தச் சாட்சியை எழுத எட்டு மாதம் பிடித்தது. வெட்கம் என்னை விடவில்லை.

கடந்த செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை என் மனைவி ஜெயராணி குளியலறையில் விழுந்தாள். பாரிசவாதம். இடது கையும் காலும் விளங்காமல் போயின. இங்கே ஜெர்மனியில், கொலோன் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்று கிழமையில் வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்றார்கள். எங்கள் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பாண் சுடும் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். இன்னும் லீவு எடுத்தால் வேலை போய்விடும். பராமரிப்பு உதவிக்குப் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், எப்போது முடிவாகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பகலில் கூட இருக்க ஆள் இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியின் சமூக உதவி அலுவலர் சொன்னார். ஜெயராணி வாய் கோணியபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை அங்கை விட்டிடாதேங்கோ" என்றாள்.

சபையாராகிய எங்களிடம் ஏன் உதவி கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். பதினைந்து வருடமாக இந்தச் சபையின் தர்ம வேலைகளை முன்னின்று செய்தவன் நான். வன்னிக்குப் பொருள் அனுப்பினாலும் நான்தான், மேடையில் மைக் பிடித்தாலும் நான்தான். அப்படிப்பட்டவன் உங்கள் முன்னால் கை நீட்டுவதா? நீங்கள் போன் எடுத்து விசாரித்தபோதெல்லாம், எல்லாம் சமாளிக்கிறோம் என்று பொய் சொன்னேன். ஆஸ்பத்திரி கார் தரிப்பிடத்தில் நின்று நான் செய்த ஜெபம் இதுதான்:

"ஆண்டவரே, உதவி தாரும். ஆனா எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

இப்படியும் ஒரு ஜெபமா? ஆனால் ஆண்டவர் அதையும் கேட்டார். இரண்டாம் நாள் அந்த அலுவலர் போன் எடுத்தார். நகரத்தில் உள்ள ஒரு யூத சபையில் நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் தொண்டர் குழு ஒன்று இருக்கிறதாம், தங்கள் ஆட்களா வேறு ஆட்களா என்று பார்க்க மாட்டார்களாம். ஆண்டவர் விலாசம் மாறி அனுப்பிவிட்டாரோ என்றுகூட யோசித்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்தக் குழுவிலிருந்து ரையா வந்தார். ஒடெசாவிலிருந்து வந்த, எழுபது வயதான அம்மா. அவருடைய ஜெர்மனும் நொண்டி, எங்களுடையதும் நொண்டி. திங்கள் முதல் வியாழன் வரை நான் வேலையால் வரும்வரை இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வேறொருவர் வந்து மத்தியானத்தோடு போனார். ரையாதான் ஜெயராணியைக் குளிக்க வைத்தார், பயிற்சி செய்வித்தார், தலை பின்னிவிட்டார். பிறகுதான் தெரியவந்தது, ரையாவே அரசாங்க உதவியில் வாழ்பவர், தன் சபையிலிருந்து சாப்பாட்டுப் பை வாங்குபவர். தங்கள் முறைப்படி வாங்குகிறவரும் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். அந்தப் பைகளும் வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மாதிரித்தான் போகுமாம், யாருக்குத் தேவை என்று வெளியே தெரியாமலிருக்க.

டிசம்பரில் ஜெயராணி தடி ஊன்றி நடந்தாள். என் வேலையும் தப்பியது. ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.

நன்றி சொல்ல வேண்டுமே. எங்கள் வழக்கப்படியே வெளிக்கிட்டேன். பொன்னாடை, ரையாவின் பெயர் பொறித்த கேடயம், ஐம்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ். எல்லோரும் கூடும் நாளில் செய்தால்தான் சிறப்பு என்று சனிக்கிழமை அவர்களுடைய ஆலயத்துக்குப் போனேன். வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ரோல்ஸைக்கூடக் கிளறிப் பார்த்தார். ரையா வெளியே வந்தார். நான் பொன்னாடையை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். அவர் மெதுவாக என் போனைத் தாழ்த்தினார். ஓய்வுநாளில் படம் எடுப்பதில்லை, இந்த இறைச்சியும் தங்களுக்கு ஆகாது என்றார். அப்படியென்றால் திங்கட்கிழமை வரட்டுமா என்று கேட்டேன்.

"திங்கட்கிழமையும் எடுக்க வேண்டாம். என்ர படத்தைப் போட்டா, உங்கட மனுசிய குளிப்பாட்ட ஆள் தேவைப்பட்டது ஊருக்கே தெரியும். அதைச் சொல்ல வேண்டியது அவ, நீங்கள் இல்லை." அவர் ஜெர்மனில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது ட்ராமில் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது கிளிநொச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். போரில் புருஷனை இழந்தவள். நம் சபை அவளுக்குத் தையல் மெஷின் கொடுத்தது. கொடுக்கும்போது நான் இங்கிருந்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்தபடியே நின்றாள்.

"தங்கச்சி, முகத்தை நிமிர்த்துங்கோ. படம் வடிவா வரட்டும்" என்றேன்.

நிமிர்த்தினாள். நம் பேனரோடு அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். நீங்கள் எல்லோரும் கைகூப்பிப் பாராட்டினீர்கள். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று நான் கேட்ட ஜெபத்தை அவளும் செய்திருப்பாள். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்காமல் செய்தவன் நான். ட்ராமில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அன்றைக்கே படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். அவளுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை அண்ணை. மெஷின் நல்லா ஓடுது. மகள்தான் அந்தப் படம் வந்த வெக்கத்தில பள்ளிக்கூடத்தை விட்டிட்டாள்."



ஜெயராணியிடம் கேட்டு, அவள் ஓம் என்ற பிறகே இதை எழுதுகிறேன். இப்போது ரையாவின் குழுவில் கிழமைக்கு ஒருநாள் ஒரு முதியவருக்குச் சவரம் செய்துவிடப் போய்வருகிறேன். அவர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சகோதரங்களே, எவ்வளவு கேவலமான ஜெபமானாலும் ஆண்டவரிடம் துணிந்து கேளுங்கள். என்னைப் போன்றவனுக்கே இரங்கினவர் உங்களைக் கைவிட மாட்டார். எனக்காகவும் ஒன்று கேளுங்கள்: அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகவேண்டும்.