சம பங்கு புரோகிராமும் பத்மா அக்காவின் வயர்களும்

முதல் முறைப்பாடு

"பிள்ளை, உங்கட லைனுக்கு என்ன நடந்தது? கடைக்கு வாற சனம் என்னை ஏசிப்போட்டுப் போகுது."

வெள்ளவத்தையிலிருந்து பத்மா அக்கா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, நான் சந்தோஷமாக கிராஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பனியில் அந்த வாரம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். லைன் ஸ்லோ என்று நாள் முழுக்கக் கத்திய வாடிக்கையாளர்கள் ஒரேயடியாக அடங்கிவிட்டார்கள். கத்துவதற்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு அக்கா மட்டும்தான்.

"உங்கட லைன் நல்லாத்தான் இருக்கு அக்கா. மற்ற எல்லாருக்கும் எவ்வளவு போகுதோ, அதே அளவு உங்களுக்கும் போகுது. நான் இப்ப பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"நீர் பாக்கிறீர். இங்க ஒண்டும் வரேல்லையே!"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

யுத்த காலத்தில் கொழும்புக்கு இன்டர்நெட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் கொட்டாஞ்சேனைக்காரி. அம்மா சொன்ன டீச்சர் வேலையை விட்டுவிட்டு இன்டர்நெட் கொடுக்கும் இந்தக் கம்பனியில் சேர்ந்திருந்தேன். எங்களுடைய முழு வியாபாரமும் ஒரேயொரு சட்டலைட் லிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னேரமானால் அந்த லிங்க் பம்பலப்பிட்டிச் சந்தி மாதிரி அடைத்துக்கொள்ளும். இன்டர்நெட்டில் எதுவும் துண்டு துண்டாகத்தான் போகும். அந்தத் துண்டைப் பக்கட் என்போம். முந்தி வந்த பக்கட் முந்திப் போகும். ஆகவே பாட்டும் படமும் இறக்குகிற ஒருவன் லிங்கை நிரப்பிவிட்டால், நாலு வரி ஈமெயில் அனுப்ப வந்தவர் பின்னால் நின்று காய வேண்டியதுதான்.

இதற்கு மருந்தோடு வந்தவர்தான் நவாஸ் சேர். மாளிகாவத்தையில் பிறந்து, வெளிநாட்டில் நெட்வொர்க் ஆராய்ச்சி செய்து டொக்டர் பட்டம் எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பெரியவராகத் திரும்பி வந்தவர். அவருடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொன்னால், வாடிக்கையாளரின் லைனுக்கு நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் தனித் தனி வரிசை. வரிசைக்கு ஒரு பக்கட் என்று மாறி மாறி எடுத்து அனுப்பு. அப்போது யாரும் யாரையும் இடித்துத் தள்ள முடியாது.

ஆய்வுகூடத்தில் இதை ஓட்டிக் காட்டுவது சுகம். எங்களிடம் அதற்குரிய ரௌட்டர் இல்லை. ரௌட்டருக்கும் சட்டலைட் மொடெமுக்கும் நடுவில் ஒரு சாதாரண கொம்பியூட்டரைச் செருகினோம். சட்டலைட்டின் மறுமுனையிலிருந்து வருவதை அங்கேயே நிறுத்த வழியில்லாததால், வருவதையும் அதே பெட்டிக்குள் கொஞ்சம் நெரித்துப் பிடித்துத்தான் பங்கிட்டோம். கரன்ட் போனால் பெட்டி முதலிலிருந்து எழும்ப வேண்டும், அதுவரை முழுக் கம்பனியும் இருட்டு. எப்படியோ ஓடியது. சேர் என் மேசைக்கு வந்து நின்று கிராஃபைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா ஸ்டெல்லா? பேப்பர்ல எழுதினது அப்பிடியே நடக்குது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்காவின் தொலைபேசி.

கடையில் நான் கண்டது

மூன்று நாள் தொடர்ந்து அவர் எடுத்தார். மூன்று நாளும் நான் சோதித்தேன். காலையில் பார்த்தால் லைன் பறந்தது. பின்னேரம் பார்த்தால் அவருடைய முகவரிக்குரிய பங்கு ஒரு துளி குறையாமல் போய்க்கொண்டிருந்தது. மொடெமை மாற்றிக் கொடுத்தோம். வயரை மாற்றினோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் சேரிடம் சொல்லிவிட்டு நேரே போனேன். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, என் பையிலிருந்த மொடெமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். கடைக்குப் போய்ச் சேரும்போது பின்னேரமாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று, பிரச்சினை நடக்கும் நேரமே அதுதான்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு ஃபிளாட் கட்டடத்தின் கீழ் அறைதான் கடை. ஃபோட்டோ கொப்பி, ஃபாக்ஸ், ஈமெயில், சாட். எட்டுக் கொம்பியூட்டர்களிலும் ஆள் இருந்தது. வாசலில் அதைவிடக் கூடப் பேர் நின்றார்கள். ஒரு கொம்பியூட்டர் முன்னால் வயதான ஒருவர் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்க, பத்மா அக்கா ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் டொரொண்டோவில் அந்த ஐயாவின் மகன் வேலைக்குப் போகுமுன் காத்திருந்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. ஐயா என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அவன் பதில் போட்டானோ?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் வேறொன்று தெரிந்தது. எட்டுக் கொம்பியூட்டரும் ஒரே லைனுக்குப் பின்னால், ஒரே முகவரியில் இருந்தன. கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடொன்றில் தனியாக அறையில் இருந்து பாட்டு இறக்கும் பையன் ஒரு முகவரி. இந்த முழு ஒழுங்கையும் ஒரு முகவரி. எங்கள் புரோகிராம் இரண்டுக்கும் சரிசமமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

திரும்பப் புறப்படும்போது பத்மா அக்கா வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இஞ்சை பாரும் பிள்ளை. யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நாங்கள் மூண்டு பேர் இங்க நிக்கிறம். பொலிஸில பதியேக்க ஏன் கொழும்பில நிக்கிறியள் எண்டு கேப்பினம். கடை நடத்திறன் எண்டு சொல்லித்தான் நிக்கிறன். கடை பூட்டினா நான் என்ன சொல்லுறது?"

எட்டுப் பங்கு

நவாஸ் சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவருக்கும் குழப்பம் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் வெள்ளைப் பலகையில் கீறிக் கீறி அழித்தோம்.

"முகவரிக்கு ஒரு பங்கு வேணாம் சேர். கொம்பியூட்டர் திறக்கிற ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு பங்கு கொடுத்தா என்ன? கடையில நிறைய கனெக்ஷன் இருக்கும்தானே."

"அதுவும் ஏலா. பாட்டு இறக்கிற பயலுகட புரோகிராம் ஒரே நேரத்துல இருவது கனெக்ஷன் திறக்குது. பங்கு எல்லாம் அவனுக்குத்தான் போகும்."

"அப்ப ஆளுக்கு ஒரு பங்கு?"

"ஆளை ரௌட்டர் எப்பிடிப் பாக்கிற? பக்கட்ல முகமா இரிக்கி?"

கடைசியில் அவர் களைத்துப்போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எட்டுப் பங்கு வேணுமெண்டா எட்டு லைன் எடுக்கச் சொல்லுங்க."

பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியான விடை அது. சேல்ஸ் ஆட்கள் காதில் விழுந்ததும் அது கம்பனியின் விடையாகவே ஆகிவிட்டது. பத்மா அக்காவுக்கு நான்தான் சொன்னேன். அவர் "ஓம், அப்பிடியே செய்வம்" என்றார்.

புது ஃபோன் லைனுக்கு விண்ணப்பித்தால் எப்போது வரும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அவர் விண்ணப்பிக்கவில்லை. கட்டடத்தில் யார் யார் வீட்டில் ஃபோன் இருக்கிறதோ அவர்களிடம் கேட்டார். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டில், எல்லாரும் அந்தக் கடைக்குத்தான் வருகிறார்கள். மேல் மாடி, அதற்கு மேல் மாடி, பக்கத்துக் கட்டடம் என்று பின்னேரங்களில் லைனை இரவலாகக் கொடுத்தார்கள். பல்கனி பல்கனியாக வயர் இறங்கி ஜன்னலால் கடைக்குள் போனது. ஒவ்வொரு வயருக்கும் ஒரு மொடெம், ஒவ்வொரு மொடெமுக்கும் எங்களிடமிருந்து ஒரு முகவரி.

லைன் பறந்தது. ஐயாவின் மகன் போட்டது வந்தது. பத்மா அக்கா எங்களுக்கு லவரியாப் பலகாரம் அனுப்பினார். இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

பொலிஸ் நிலையத்தில்

ஒரு நாள் மத்தியானம் பத்மா அக்காவின் தங்கை எனக்கு எடுத்தாள். அழுதழுது சொன்னாள்: அக்காவைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. நான் சேரிடம் ஓடினேன். அவர் கோட்டைக்கூட எடுக்காமல் எழும்பினார்.

போனபோது அக்கா மர வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. மேசையில் எங்கள் மொடெம்கள் வயரோடு குவிந்து கிடந்தன. பொறுப்பதிகாரி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "மேக்க மொக்கத?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

நவாஸ் சேர் நல்ல சிங்களத்தில் ஆரம்பித்தார். பக்கட் என்றார், வரிசை என்றார், பங்கு என்றார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் முன்னால் ஒரு கேள்விதான் இருந்தது. வீட்டில் பதிந்திருப்பது மூன்று பேர். மூன்று பேருக்கு ஏன் அடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் இத்தனை ஃபோன் லைன்?

"எங்கட புரோகிராம் இவங்களை ஒரு ஆளெண்டு கணக்குப் பண்ணுது. ஆனா இவங்க எட்டுப் பேர்" என்றார் சேர்.

அதிகாரி நிமிர்ந்தார். "எட்டுப் பேரா? மற்ற ஐந்து பேர் யார்? ஏன் பதியவில்லை?"

சேரின் முகம் மாறியதைக் கண்டேன். எட்டு என்பது கொம்பியூட்டர், ஆள் இல்லை, வந்து போகும் வாடிக்கையாளர்கள் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அப்படியானால் வந்து போகிறவர்களின் பெயர் என்ன என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறக்கத் திறக்க அக்காவுக்குக் கேள்வி கூடிக்கொண்டே போனது. கடைசியில் சேர் மேசையில் கையை வைத்து, "இந்த அம்மா செய்தது பிழை இல்லை. இப்படிச் செய்யச் சொன்னது எங்கள் கம்பனி. வயர் எல்லாவற்றையும் நாங்களே கழற்றுகிறோம்" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவை விட்டார்கள். ஆனால் திங்கட்கிழமை திரும்ப வந்து, கொழும்பில் நிற்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்றார்கள்.

அவர் போனார், கடையைச் சொன்னார், நிற்க விட்டார்கள். வயர்கள் எல்லாவற்றையும் நான்தான் நின்று கழற்றுவித்தேன். மேல் மாடிக்காரர்கள் கதவைத் திறக்கப் பயந்தார்கள்.

எத்தனை பேர்?

நவாஸ் சேர் அந்த வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் புரோகிராமைத் திருத்திக்கொண்டு வந்தார். இனி ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன் லைனில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். அதற்கேற்ற பங்கு கிடைக்கும். வயரும் வேண்டாம், மொடெமும் வேண்டாம், ஒரு எண்ணை அடித்தால் போதும்.

"பொய் சொல்லுவாங்களே சேர்?"

"சொல்லட்டும். அந்த அக்காக்கு எட்டுக் கிடைச்சாச் சரி."

தொலைபேசியில் கேட்கும் வேலை என்னுடையது. பொய் மழையாகக் கொட்டியது. கோட்டையில் ஒரு அலுவலகம், கதிரைகூட அத்தனை இருக்காது, நூறு பேர் என்றது. ஒரு வீட்டுக்காரர் டிரைவரையும் சமையற்காரியையும் சேர்த்துச் சொன்னார். நான் சிரித்துச் சிரித்து எழுதினேன். பத்மா அக்காவைக் கடைசியாக வைத்திருந்தேன், நல்ல செய்தி என்பதால்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்: "இந்த எண்ணை வேற ஆரும் பாப்பினமோ?"

"இல்லை அக்கா. எங்கட பெட்டிக்குள்ள மட்டும்தான்."

"இப்ப நீங்கள் மட்டும்." என்றார். "ஒண்டு எண்டு போடும் பிள்ளை."

"அக்கா, ஒண்டெண்டா திரும்பவும் பழையபடிதான். லைன் இழுக்கும்."

"தெரியும். ஒண்டு போடும்."

கடை மூடப்படவில்லை. அக்கா நான்கு கொம்பியூட்டரை விற்றுவிட்டு, ஃபோட்டோ கொப்பியில் சமாளித்தார். பின்னேரங்களில் சாட் இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் புத்தி கேட்டால், நான் இதைத்தான் சொல்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரையில் எத்தனை பேர் என்பது நீங்கள் எழுதிக்கொள்ளும் ஒரு எண். வெளியே ஒரு மனிதர்தான் வாய் திறந்து அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் தெளிவான பாடம் இல்லை. அவருக்குத் தெரியாமல் எட்டு என்று அடித்திருக்கலாம், ஒருவரும் பார்த்திருக்கப் போவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் ஒன்று என்றே அடித்தேன். கேட்டுவிட்டு, அவர் சொன்னதை மாற்ற எனக்குக் கை வரவில்லை.