அக்கா கேட்ட உள்தாழ்ப்பாள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்கா இல்லாமல் எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு கழிந்துவிட்டது. அட்டையில் உள்ள படம், அவர் ஊராட்சி வார்டு உறுப்பினராகப் பொறுப்பேற்ற அன்று எடுத்தது. அந்தப் பச்சைச் சேலை அக்காவின் கணவர், எங்கள் மாமா, செஞ்சி கடைவீதியில் வாங்கித் தந்தது. இதையும் சேர்த்து எழுதச் சொன்னவர் மாமாதான்.

அக்கா சிங்கவரத்தில் பிறந்தார். எங்கள் வீட்டில் மூத்தவர். செஞ்சியில் உள்ள பள்ளிக்குச் சைக்கிளில் போவார்; பின்னால் உட்கார்ந்து போனவன் நான். மேடு வந்தால், "எறங்கி நடடா, பாரமே நீதான்" என்று திட்டுவார். இறங்கப் போனால், "சும்மா சொன்னேன், உக்காரு" என்பார்.

மேல்மலையனூர் பக்கம் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுடன் மல்லாட்டைக் கொல்லையில், கடலை விதைப்பதிலும் பிடுங்குவதிலும், சரிக்குச் சரி உழைத்தார். இரண்டு பெண் குழந்தைகள். ஆண் பிள்ளை வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, மூன்றாவதாகக் கருவுற்றார். அந்தக் குழந்தை தங்கவில்லை; அக்கா பிழைத்ததே பெரிது. அதன்பின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. அக்காவைத் தவிர எல்லோரும் அதில் பேசினார்கள். "என் ஒடம்பப் பத்திக் கூடத்துல முடிவு பண்றாங்க, நான் அடுப்பாண்ட அவங்களுக்குக் காப்பி போட்டுக்கினு இருக்கறேன்" என்று பிற்பாடு சிரித்தபடி சொல்வார். யாரையும் குறை சொல்லி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்து வருவதை இந்த மலரில் எழுதலாமா என்று வீட்டில் தயக்கம் இருந்தது. "உடல்நலக் குறைவுன்னு போட்டா போதாதா மச்சான்?" என்று மாமா கேட்டார். மூத்த மகள் பக்கத்தில் இருந்தாள். "அம்மா ஊரு கூடின எடத்துல நின்னு சொன்னத, நாம மறைக்கணுமா நைனா?" என்றாள். மாமா அட்டைப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "எழுது மச்சான். நோயோட பேரப் போட்டே எழுது" என்றார்.

அக்காவுக்கு வந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய்.

கிராம சபைக் கூட்டத்தில் அக்கா ஆவேசப்பட்டுக் கத்தினார் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. நான் அங்கே இருந்தேன். அவர் சாதாரணக் குரலில்தான் பேசினார். ஊரின் வளர்ச்சித் திட்டம் எழுதும் கூட்டம் அது. தார்ச்சாலை, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி எல்லாம் எழுதி முடிந்திருந்தது. அக்கா எழுந்து, துணை சுகாதார நிலையத்தில் பெண்கள் செவிலியரிடம் தனியாகப் பேச, பரிசோதனை செய்துகொள்ள, கதவு வைத்த ஓர் அறை வேண்டும் என்றார். கருத்தடை பற்றிப் பெண்ணே கேட்டு, பெண்ணே முடிவு செய்ய வழி வேண்டும் என்றார். இரண்டையும் திட்டத்தில் எழுதச் சொன்னார்.

"இன்னாம்மா இது?" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். "ரோடு, தண்ணி, லைட்டு, இதான் வளர்ச்சி. பொம்பளைங்க சமாச்சாரத்தப் போயி தீர்மானத்துல எழுதுவாங்களா? டில்லிக்காரன் பாத்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டுங்க. படிச்சிட்டுத்தான சிரிப்பாங்க?" என்றார் அக்கா. "நம்ம ஊரு திட்டம் ஒன்றியத்துக்குப் போவுது, மாவட்டத்துக்குப் போவுது. நாட்டுக்குத் திட்டம் போடறவங்களுக்கு இங்க எழுதாதது எப்படித் தெரியும்?"

"ரூமுக்குள்ள போயி அப்படி இன்னா ரகசியம் பேசப் போறாங்களாம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை அக்கா நின்றார். "நான் பேசாம உட்ட ரகசியத்தச் சொல்றேன். போன வருசம் வராண்டாவுல நர்சம்மா என்னக் கேட்டாங்க, ரத்தப்போக்கு ஏதாச்சும் இருக்குதான்னு. பிரஷர் பாக்க நீங்கள்ளாம் வரிசையில நின்னுக்கினு இருந்தீங்க. எங்க அத்தையும் பக்கத்துல இருந்தாங்க. ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். இருந்துச்சு. இப்ப கருப்பை வாயில புத்துன்னு சொல்லிட்டாங்க. முத்திப்போச்சாம். அந்த ரூமு எனக்குப் பிரயோசனப்படாது. எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு எழுதுங்க."

அதுவரை மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்த செய்தி அது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "எழுதுங்கய்யா" என்றார். எழுதினார்கள்.

முன்பே வந்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம் என்று புதுச்சேரி மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இந்த ஓராண்டையும் கழித்தோம்.

சிகிச்சைக்குப் போய்வர வசதியாக அக்கா கடைசி மாதங்களில் செஞ்சியில் என் வீட்டில் இருந்தார். வலி கடுமையாக இருந்தது. அது விட்ட நேரங்களில் கொல்லையைப் பற்றியும் அறையைப் பற்றியும் கேட்பார். கதவு வைத்தாயிற்று என்று ஒருநாள் சொன்னேன். "தாழ்ப்பா எந்தப் பக்கம்?" என்றார். வெளிப்பக்கம் என்றேன். "அப்ப அது குடோனு தம்பி. உள்ள போனவ போட்டுக்கற மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு உடன் வந்த செவிலியர் அம்மாவுக்கும், கூப்பிட்ட நேரத்தில் வண்டி எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், முடியாத வயதில் மருமகளின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்த அத்தைக்கும் எங்கள் நன்றி.

மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். தாழ்ப்பாள் பற்றி அக்கா சொன்னதை நான் அவரிடம் சொன்ன மறுநாளே அவர் கடைவீதியில் ஒன்றை வாங்கிப் போய், அந்தக் கதவின் உள்பக்கம் தன் கையால் திருகி மாட்டினார். அக்காவால் அப்போது எழுந்து உட்காரக்கூட முடியாது. மாமா அறைக்குள்ளிருந்து போன் செய்தார். நான் அதை அக்காவின் காதருகே பிடித்தேன். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார்.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது" என்றார் அக்கா. "இன்னொரு வாட்டி போடுங்க."

மாமா போட்டார்.