தாடி பாஸ் பண்ணிய கிளவுஸ்

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் என் கன்னத்தைப் போல ஒரு மெஷின் கிடையாது. லைன்மேன் போடும் ரப்பர் கிளவுஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை.

பொய். ஒன்று தப்பியது. அதுவும் எங்கள் கேங்கில் லைன்மேனாக இருக்கும் என் மச்சான் கைக்குப் போன கிளவுஸ்.

தொழிற்சாலைகளுக்குப் போகும் கரண்டு லைனைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் ஸ்டோர் ஆள். காலையில் கிளவுஸையெல்லாம் பார்த்து அனுப்புவது என் வேலை. வாய்ப்பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போனால் காற்று உள்ளே அடைபட்டு, ஐந்து விரலும் மாட்டு மடியைப் போலப் புடைக்கும். எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். காதால் கேட்கலாம்தான். ஆனால் பக்கத்து இரும்பு ஆலை போடும் சத்தத்தில் என் பெண்டாட்டி கத்தினாலே கேட்காது. அதனால் கன்னத்தருகே பிடித்து, கசியும் காற்று மேலே படுகிறதா என்று பார்ப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு மூளை கன்னத்தில்தான் இருக்கும்.

இந்த வருஷம் வேறொரு கேங்கில் ஒருவருக்கு ஷாக் அடித்துக் கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே திருத்தணி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் கேங்கில் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது, ஆடிக் கிருத்திகை வரை தாடி வளர்த்து, அங்கே வந்து மொட்டை போடுகிறேன் என்று. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக வளர்த்தது அந்தத் தாடியைத்தான்.

ஒருநாள் கேங்கை ஏற்றிக்கொண்டு வண்டி லைன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, டேபிள் ஃபேன் முன்னால் டீயோடு உட்கார்ந்தேன். நெற்றி ஜில்லென்றது. மூக்கு ஜில்லென்றது. தாடி மூடிய கன்னத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ம்ஹூம்.

அப்படியென்றால் காலையில் நான் எதை வைத்துக் கிளவுஸைப் பார்த்தேன்?

மச்சானுக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை வண்டியிலேயே வைத்துவிட வேண்டும் என்பது விதி. விதியைப் போட்டவனைத் திட்டிக்கொண்டே பைக்கை எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் தாடி குத்தியது. லாரிக்குப் பின்னால் நிற்கும்போது ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குள் அவன் கைதான். என் கல்யாணத்தில் எனக்கு மச்சான் மோதிரம் போட்ட கை.

ஏரிக்கரை ஓரமாகக் கம்பத்தடியில் நின்றிருந்தான்.

"மச்சான்! கிளவுஸ் போடாத!"

"இன்னா மாமா, இப்டி மூச்சு வாங்கிக்கினு வர்ற? ஊட்ல எதுனா பேஜாரா?"

"கிளவுஸ்டா. காலைல பார்த்ததுல டவுட்டு."

அவன் வண்டியின் பானெட்டைக் காட்டினான். அதன்மேல் ஒற்றைக் கிளவுஸ் தனியாகக் கிடந்தது.

"இன்னா டவுட்டு? போட்றதுக்கு முன்னால நானும் ஒரு தபா சுருட்டிப் பார்ப்பேன்ல? இங்க தான் சத்தமே இல்லியே, கட்டவிரல் பக்கம் பாம்பு மாரி சீறிச்சு. உன் தாடி பாஸ் பண்ணத என் காது ஃபெயில் பண்ணிச்சு."

"டேய், அது வேண்டுதல் தாடிடா. உங்க யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு..."

"முருகன் காப்பாத்தத்தான் பார்க்குறாரு மாமா. நடுவுல உன் தாடிதான் உட மாட்டேங்குது."

கேங்கே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த ஒற்றைக் கிளவுஸை எடுத்து என் பைக்கில் மாட்டிக்கொண்டேன்.

அன்று சாயந்திரமே ஸ்டேஷன் பக்கத்து சலூனில் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் தாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கினார்.

"வேண்டுதல் மாரி கீதே? சாமி கோச்சிக்கும் நைனா. இந்தப் பாவம் எனக்கு வாணாம்."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "தலமுடி மொத்தமும் திருத்தணிக்கு, கன்னம் மட்டும் ஸ்டோருக்கு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அதற்கு அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்து...

"மாமா! ஸ்டோர்ல குந்திக்கினு இன்னா எழுதிக்கினு கீற? வண்டி கெளம்புது, கிளவுஸ் இன்னும் பார்க்கல. ஷேவ் பண்ண கன்னத்த எடுத்துக்கினு வா!"